டீச்சருக்கு மிஞ்சிய சொல்

ஆஸ்பத்திரியில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. படக்காரர் என்றால்தான் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். சமையல்கூடத்தைத் தாண்டி, ஜன்னலே இல்லாத நீண்ட நடையின் கோடியில் ஸ்கேன் அறை. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். மோதிரம், தோடு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி, ஆளைப் படுக்க வைத்து, கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுப்பார். "பயமா இருந்தா அமுக்குங்க. ஆனா அமுக்காதீங்க" என்பார். சிரித்துக்கொண்டே உள்ளே போவார்கள்.

படம் எடுப்பதுதான் அவர் வேலை. படத்தைப் படித்துச் சொல்வது டாக்டர்களின் வேலை. ஆனால் தலைமுடி நரைக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கண் பழகிவிட்டது. புதிதாக வரும் டாக்டர்கள் கதவை லேசாகத் திறந்து தலையை மட்டும் நீட்டி, "அண்ணே, இது என்னன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்" என்பார்கள். அவர் திரும்பாமலேயே சொல்வார். சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்தக் கர்வம் அவருக்கு உண்டு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டார், வீட்டில் காட்டுவார்.

வீட்டில் இருந்தது ஒரு சரித்திர டீச்சர். ஊரே டீச்சர் என்று கூப்பிட, அவரும் மனைவியை டீச்சர் என்றே கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது. அந்த அம்மாளுக்குப் பேச்சுதான் மூச்சு. பேசுவதைவிட, பேச வைப்பது. யார் வந்து எதைச் சொன்னாலும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு "அப்புறம்?" என்பார். பால் போடுகிறவர்கூட அந்த "அப்புறம்?" கேட்டுவிட்டால் சைக்கிளை நிறுத்தி ஸ்டாண்டு போட்டுவிடுவார்.

ஊரின் பழைய பஞ்சாலையில் எப்போதோ தீப்பிடித்துப் பலர் செத்திருந்தார்கள். அதில் தப்பித்தவர்களைத் தேடித் தேடிப் போய் அவர்கள் பேச்சைக் கேசட்டுகளில் பிடித்து வைத்திருந்தார் டீச்சர். லீவு நாளெல்லாம் அதற்கே போகும். அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்கக் கேசட்டுகள்.

"ஆளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க. ஒருத்தர் கதவு பூட்டியிருந்துச்சுங்கறாரு, ஒருத்தர் கூட்டம் அடைச்சுக்கிச்சுங்கறாரு. இதுல எது உண்மைன்னு எப்படித் தெரியும் உனக்கு?" என்று அவர் வம்புக்கு இழுப்பார்.

"என்ன நடந்துச்சுன்னு விசாரணை அறிக்கையில இருக்கு. அது இவங்களுக்கு என்னவா இருந்துச்சுன்னு அதுல இல்லையே."

"என்னவா இருந்துச்சுங்கறதெல்லாம் ஒரு விஷயமா? என் மிஷினுக்குள்ள போ. எது இருக்கோ அது தெரியும். இல்லாதது தெரியாது. அவ்வளவுதான் உலகம்."

"உங்க மிஷின் பொய் சொல்லாது, ஒத்துக்கறேன். அதுக்குக் கேக்கத் தெரியுமா?" என்பார் டீச்சர். இருவரும் சிரிப்பார்கள். அந்தக் காலத்தில் அது சண்டை இல்லை, சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்கிற மாதிரி ஒன்று. ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு, வீட்டில் சத்தம் என்று இருந்ததே அதுதான்.

மதிய வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது டீச்சர் கையிலிருந்த சாக்குக்கட்டி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. பள்ளி வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தது படக்காரர் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கேதான். கூட வேலை பார்த்தவர், "நீங்க வெளிய இருங்க, நான் எடுக்கறேன்" என்று எவ்வளவோ சொன்னார். படக்காரர் கேட்கவில்லை. தோட்டையும் வளையலையும் தானே கழற்றினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, திரையில் அடுக்கடுக்காக வந்த படத்தைப் பார்த்தார். மூளையின் இடது பக்கம் உள்ளங்கை அளவுக்குச் செத்துப்போயிருந்தது. பேசுகிற இடம் முழுக்க, புரிந்துகொள்கிற இடத்திலும் பாதிக்கு மேல். யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டீச்சர் பிழைத்துக்கொண்டார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போய்விட்டது, ஒரே ஒரு சொல்லைத் தவிர. கண் விழித்த இரண்டாம் நாள், கஞ்சி ஊட்ட வந்த நர்ஸைப் பார்த்து "அப்புறம்" என்றார். நர்ஸ் பூரித்துப்போய் எல்லாரையும் கூப்பிட்டாள். எல்லாரும் வந்தார்கள். எல்லாரிடமும் "அப்புறம்" என்றார். தண்ணீர் வேண்டுமென்றாலும் அப்புறம், வலித்தாலும் அப்புறம், வேண்டாமென்றாலும் அப்புறம்.

தலைமை டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். "இது வழக்கமா வர்றதுதான். எல்லாம் போனப்புறம் ஒரு வார்த்தை ஒட்டிக்கிட்டு நிக்கும். அர்த்தத்தோட வர்றதில்ல அது, தும்மல் மாதிரி. நாம சொல்றதும் பெருசா புரியாதுன்னுதான் நினைக்கிறேன். நீங்க பாக்காத படமா?"

"பாத்துட்டேன் டாக்டர்" என்றார் படக்காரர்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வீட்டுக்கு வந்துபோனாள். வந்ததும் படத்தைக் கேட்கவில்லை. டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து எதையெதையோ பேசிக்கொண்டிருந்தாள். அது படக்காரருக்குப் பிடிக்கவில்லை. "என்னம்மா இது, பரிசோதனை எதுவும் பண்ணாம ஊர்க்கதை பேசிட்டிருக்கீங்க?"

"படத்துல தெரியறது செத்த இடம் சார். மிச்சம் இருக்கற இடம் என்ன செய்யுதுன்னு கூட உக்காந்து பழகினாத்தான் தெரியும். கொஞ்ச மாசம் ஆகும்."

"நான் எத்தன ஆயிரம் படம் பாத்திருக்கேன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றார் அவர். அடுத்த வாரத்திலிருந்து வர வேண்டாமென்று சொல்லிவிட்டார். வீணாக ஆசை காட்டுகிறார்கள் என்பது அவர் எண்ணம்.

பரிசோதனையைத் தானே செய்தார். டீச்சரின் தங்கையும் பக்கத்து வீட்டுக்காரர்களும் பார்க்க வந்திருந்த ஒரு மாலையில், எல்லார் முன்னாலும் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தார். "டீச்சர், மூக்கைத் தொடு." டீச்சர் அவரையே பார்த்தார். "ஜன்னல் எங்க இருக்கு? கையால காட்டு." டீச்சர் கண்ணை எடுக்கவில்லை. இடது கை மடியில் அப்படியே கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து, மிக மெதுவாக, "அப்புறம்" என்றார்.

"பாத்தீங்களா?" என்று மற்றவர்கள் பக்கம் திரும்பினார் படக்காரர்.

தங்கை அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டுப் போய்ச் சொன்னாள்: "அத்தான், அவ வகுப்பு நிறையப் பிள்ளைங்கள உக்கார வெச்சுக் கேள்வி கேட்டவ. அவளப் போய் ஊரைக் கூட்டி வெச்சு மூக்கத் தொடுன்னா தொடுவாளா? அந்த அப்புறத்தை நீங்க கேக்கவே இல்லையா? அது கேள்வி இல்ல, திட்டு."

"உனக்கு ஆசை, அதனால அப்படிக் கேக்குது."

"உங்களுக்கு ஏன் கேக்கல?"

"எனக்கும் ஆசைதாம்மா. ஆசைப்பட்டா செத்தது உயிர் வந்துடுமா?" என்றார். அப்போது அவர் குரல் உடைந்துவிட்டது.

அவர் பார்த்துக்கொண்ட விதத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. குளிப்பாட்டுவார், தலைவாரி விடுவார், உடம்பு புண்ணாகாமல் புரட்டிப் படுக்க வைப்பார். கட்டின மனைவியை இப்படிப் பார்த்துக்கொள்கிற ஆம்பிளை உண்டா என்று தெருவே பேசியது. ஆனால் டீச்சரிடம் பேசுவதை விட்டுவிட்டார். அவரைப் பற்றிப் பேசுவார், அவர் தலைக்கு மேலே. வந்தவர்களிடம் மலச்சிக்கல் வரைக்கும் சொல்வார். ஒருநாள் மகளிடம் போனில், "நீ அவசரப்பட்டு ஓடி வராதே. உங்கம்மா எப்பவோ போயிட்டா. உடம்பு இருக்கு, நான் பாத்துக்கறேன்" என்றார். டீச்சர் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார். படக்காரர் சொன்னது கல்மனசால் இல்லை. இருந்த துக்கத்தையெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே, அந்தத் திரை முன்னாலேயே அழுது தீர்த்துவிட்டவர் அவர். செத்துப்போனவளுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று, இனி இந்த உடம்புக்குச் செய்ய வேண்டியதைச் செய்வோம் என்று இருந்தார்.

சக்கர நாற்காலி திரும்ப இடம் போதவில்லை என்று, ஒரு விடுமுறை நாளில் அலமாரியைக் காலி செய்தார். பழைய சாமான் எடுக்கிறவர் வந்து வாசலில் தராசோடு நின்றார். பத்திரிகைகள், பாடப் புத்தகங்கள், கிழிந்த குடை எல்லாம் போயின. கீழ்த்தட்டைத் திறந்து கேசட்டுகளை அள்ளிச் சாக்கில் போட ஆரம்பித்தபோது டீச்சர் கத்தினார்.

"அப்புறம்!"

அவர் திரும்பிப் பார்த்தார். டீச்சர் இடது கையால் மேஜை விளிம்பைப் பிடித்து எழுந்து நின்றிருந்தார். நோய் வந்த பிறகு தானாக எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. முகம் ரத்தச் சிவப்பாக இருந்தது. "அப்புறம்! அப்புறம்! அப்புறம்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். கால் தாங்காமல் விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே சாக்கை நோக்கி ஊர்ந்தார்.

சாமான்காரர் பயந்துவிட்டார். "என்ன சார், அம்மா வேண்டாங்கறாங்களா?"

"இல்லப்பா. இந்த வியாதியில இப்படி வெறி வரும்னு டாக்டர் முன்னாடியே சொல்லியிருக்காரு. நீ எடுத்துட்டுப் போ." ஓடிவந்து மனைவியைத் தூக்கினார். அடிபட்டிருக்கிறதா என்று கை கால் எல்லாம் தடவிப் பார்த்தார். பிறகு, அதற்கென்று கொடுத்து வைத்திருந்த மாத்திரையை வாயைத் திறந்து போட்டுத் தண்ணீர் புகட்டினார். தூங்கும்வரை தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

எழுந்த பிறகு டீச்சர் அந்தச் சொல்லையும் சொல்லவில்லை. அடுத்த நாளும் இல்லை, அதற்கடுத்த வாரமும் இல்லை. படக்காரருக்குக் கவலையாகிவிட்டது. இன்னோர் அடைப்போ என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மறுபடியும் படம் எடுத்தார். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அச்சு அசல் ஒன்றுபோல் இருந்தன. "புதுசா ஒண்ணும் இல்ல" என்று தங்கையிடம் நிம்மதியாகச் சொன்னார்.

அதன் பிறகு படக்காரருக்குக் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தது. கனமாக எதையும் தூக்கக்கூடாது என்றார்கள். தங்கை வந்து அக்காவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். உடம்பு தேறியதும் படக்காரர் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிப் போனார்.

தங்கை வீடு முதல் மாடியில். படி ஏறும்போதே சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பை அவருக்குத் தெரியும். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

உள்ளே தங்கை யாரையோ பற்றிப் புறணி பேசிக்கொண்டிருந்தாள். "...அவன் போட்டுக்கிட்டு வந்த கோட்டு அவன் மச்சானோடது. மச்சான் அங்கயே உக்காந்திருக்கான்!"

"அப்புறம்?" என்றார் டீச்சர். தெளிவாக, சொல்லின் வாலைத் தூக்கி, பழைய மாதிரியே.

"அப்புறம் என்ன, மானம் கப்பலேறிடுச்சு. இது நடந்தது பெரியவன் கல்யாணத்துல."

"அப்புறம்" என்று டீச்சர் மறுத்தார். சின்னது, கறாரானது.

"சரி சரி, சின்னவன் கல்யாணத்துல. எல்லாம் ஞாபகம் வெச்சிருக்கியே, பாவி!" மறுபடியும் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

படக்காரர் உள்ளே போனார். டீச்சரின் முகத்தில் சிரிப்பு அணைந்தது. விளக்கை அணைத்த மாதிரி இல்லை, கதவைச் சாத்திய மாதிரி. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இவ... புரிஞ்சா சிரிச்சா?" என்று தங்கையிடம் கேட்டார்.

"அவகிட்டயே கேளுங்க அத்தான்."

அவருக்குக் கேட்க வாய் வரவில்லை. வந்த காரியத்தைப் பார்ப்பவர்போல, கட்டிலடியிலிருந்த பெட்டியை எடுத்து மனைவியின் துணிகளை அடுக்க ஆரம்பித்தார். டீச்சர் சக்கர நாற்காலியை ஒரு கையால் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் அடுக்கியதை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கட்டிலில் வைத்தார். அவர் மறுபடி வைத்தார். டீச்சர் மறுபடி எடுத்தார். கோபமோ அவசரமோ இல்லை. கடைசித் துணியையும் எடுத்த பிறகு, பெட்டியை மூடிப் பூட்டைத் தட்டி, அதை அவர் பக்கம் நகர்த்தினார்.

"டீச்சர், உனக்குப் புரியுதா? நான் பேசறது புரியுதா?"

டீச்சர் அவரை நேராகப் பார்த்தார். வீட்டுப்பாடம் செய்யாமல் சாக்குச் சொல்கிறவனைப் பார்க்கிற பார்வை.

"எப்பலேருந்து?" என்று தங்கையிடம் கேட்டார்.

"முதல்ல நிஜமாவே புரிஞ்சிருக்காது. மூணு நாலு மாசத்துல வர ஆரம்பிச்சிருக்கு. அந்தப் பேச்சுப் பயிற்சிப் பொண்ண இங்க வரவெச்சேன், அவதான் சொன்னா. நீங்க போன்ல பேசினது, கேசட்டு போனது எல்லாம் நானே ஒவ்வொண்ணா கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். ஆமான்னா கண்ணு மூடுவா. ரெண்டு நாள் ஆச்சு எனக்கு."

படக்காரர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். மன்னிச்சுக்கோ என்று சொன்னார். பல தடவை சொன்னார். டீச்சர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பழைய சாமான் கடைக்கு ஓடினார். கேசட்டெல்லாம் அப்போதே உடைத்து, பிளாஸ்டிக்கைத் தனியாகப் பிரித்து லாரியில் ஏற்றியாகிவிட்டது என்றார் கடைக்காரர். "அதுல பாட்டு எதுவும் இல்ல சார், போட்டுப் பாத்தேன். யாரோ அழுதுட்டிருந்தாங்க" என்றார்.

போனதைத் திருப்பிக் கொண்டுவந்தால் மனம் இளகும் என்று ஒரு நப்பாசை அவருக்கு. தீயில் தப்பித்தவர்களில் யாராவது உயிரோடிருக்கிறார்களா என்று விசாரித்தார். ஒரு பெண்மணி மட்டும் இருந்தார், கையெல்லாம் பழைய தீக்காயத் தழும்போடு. புது ரெக்கார்டர் ஒன்றோடு போய் எதிரில் உட்கார்ந்தார். தீ எத்தனை மணிக்குப் பிடித்தது, நீங்கள் நின்ற இடத்துக்கும் கதவுக்கும் எவ்வளவு தூரம், கதவு உள்பக்கம் திறக்குமா வெளிப்பக்கமா என்று வரிசையாகக் கேட்டார். அந்தப் பெண்மணி இரண்டு மூன்றுக்குப் பதில் சொன்னார். பிறகு நிறுத்திக்கொண்டார்.

"உங்க வீட்டம்மா இப்படிக் கேக்க மாட்டாங்க" என்றார்.

"எப்படிக் கேப்பா? சொல்லுங்க, அப்படியே கேக்கறேன்."

"அவங்க ஒண்ணுமே கேக்க மாட்டாங்க. உக்காந்திருப்பாங்க. எனக்கே சொல்லணும்போல வரும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்னொரு வாட்டி என்னால முடியாது தம்பி. அவங்ககிட்ட சொன்னதோட இறக்கி வெச்சுட்டேன்" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். ரெக்கார்டர் ஓடிக்கொண்டே இருந்தது.

டீச்சர் தங்கை வீட்டிலேயே இருந்துவிட்டார். மகள் வந்தபோது அம்மா ஒற்றைச் சொல்லால் அவளோடு மணிக்கணக்கில் பேசினார். அப்பாவைப் பார்க்க மகள் வரும்போது பேச்சு ரொம்பச் சுருக்கமாக இருந்தது. "நீங்க சொன்னீங்கன்னுதானே நான் வராம இருந்தேன்" என்று ஒரு தடவை சொன்னாள். அதை மறுபடி சொல்லவில்லை. சொல்லாததே அவரை அரித்தது.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர் பஸ் ஏறிப் போவார். ஆரஞ்சுகளை மேஜையில் வைத்துவிட்டு டீச்சர் எதிரில் உட்கார்ந்து பேசுவார். தெருவில் குழாய் உடைந்தது, ஆஸ்பத்திரியில் புது மிஷின் வந்தது, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது. சொல்லி முடித்ததும் கொஞ்சம் நிறுத்துவார், காத்திருப்பார். டீச்சர் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். சமையலறையில் தங்கை பாத்திரத்தை வைக்கும் சத்தம் மட்டும் கேட்கும்.

"கேக்கறா அத்தான். கேக்கலன்னு நினைச்சுக்காதீங்க" என்றாள் ஒருநாள், வாசல்வரை வந்து.

"தெரியும்மா. அதுதான் கஷ்டமா இருக்கு."

ஆஸ்பத்திரியில் புதிய டாக்டர்கள் தலையை நீட்டுவது நிற்கவில்லை. இவருக்கு நாம் பேசுவது புரியுமா அண்ணே என்று யாராவது ஒரு படத்தைக் காட்டினால், "பக்கத்துல உக்காந்து பாருங்க டாக்டர். நாள் கணக்கா உக்காந்து பாருங்க" என்பார். படக்காரருக்கு வயதாகிவிட்டது, கண் மங்கிவிட்டது என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பிறகு கேட்பதையே விட்டுவிட்டார்கள். அவர் ஓய்வு பெற்ற நாளில், தப்பாத கண் என்று தலைமை டாக்டர் புகழ்ந்து பேசினார். படக்காரர் எழுந்து மறுக்க நினைத்தார். அதற்குள் மாலையைப் போட்டுக் கைதட்டிவிட்டார்கள்.

சில வருஷம் கழித்து டீச்சர் ஒரு காலையில் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. முந்தின மாலை தங்கையோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை படக்காரர் போனபோதும், வழக்கம்போல ஜன்னல் பக்கம் திரும்பித்தான் இருந்தார்.

காரியமெல்லாம் முடிந்து மகளும் ஊருக்குப் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமை வந்ததும் படக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார். அடுத்த ஞாயிறும் போனார். நாற்காலி எடுக்கப்பட்டு, அந்த இடத்தில் துணி காயப்போட்டிருந்தது. தங்கை டீ கொடுத்தாள், குடித்தார்.

டம்ளரை வாங்கிக்கொண்டே அவள் கேட்டாள்: "இனிமே எதுக்கு அத்தான் இவ்வளவு தூரம் வந்து சிரமப்படறீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. அவருடைய முழங்கால் வலியை நினைத்துத்தான் கேட்டாள். படக்காரர் தலையாட்டினார். சரிதான் என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் படி இறங்கிப் போனார். அதற்குப் பிறகு வரவில்லை.